கம்பும் சோளமும் கறிக்கோழியும்

(கரிவலம்வந்தநல்லூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

புரட்டாசி மழையை நம்பி விதைக்கும் நம் கரிசல் காட்டில் மானாவாரி என்றாலே இன்று மக்காச்சோளம் என்றாகிவிட்டது. உளுந்தும் பாசியும் பருத்தியும் இன்னும் இருக்கின்றன. சோளமும் கம்பும்தான் வரப்போரத்துக்கு ஒதுங்கிவிட்டன. வீட்டுப் பானைக்கு வேண்டாம் என்று நாம் அவற்றைத் தள்ளினோம் என்பது பாதிக் காரணம். வாங்க ஆள் இல்லை என்பது மீதிக் காரணம். மக்காச்சோளத்துக்கு ஆள் வந்தது கோழியால். தை, மாசியில் தார்ச்சாலையில் பரப்பிக் காயவைக்கும் மக்காச்சோளம் லாரி ஏறி நாமக்கல், பல்லடம், உடுமலைப் பக்கத்துத் தீவன ஆலைகளுக்குப் போகிறது. அதுவே குருணைத் தீவனமாகி, மூட்டை கட்டி, நம் ஊர் ஷெட்டுக்குத் திரும்பி வருகிறது. இந்தப் போக்குவரத்தில் நாம் தள்ளிவிட்ட தானியத்துக்கும் நம் செக்கு விடும் புண்ணாக்குக்கும் இடம் உண்டா என்பதுதான் இன்றைய பேச்சு. உண்டு என்பது என் கட்சி. எவ்வளவு, எந்த விலையில், எந்த நிபந்தனையோடு என்பதைச் சொல்லாமல் விட்டால் அது வெறும் ஆசைப் பேச்சாகிவிடும்.

முதலில் கோழியைப் பார்ப்போம். நாற்பது கிராம் சொச்சம் எடையுள்ள குஞ்சு ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டுகிறது. அதற்குள் அது தின்பது மூன்றரை கிலோவுக்குச் சற்று முன்பின்னான தீவனம். வளர்ப்புச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் கறிக்கோழித் தீவனத்துக்கு வகுத்த அளவு என்ன? முதல் நாட்களுக்கான பிரீ ஸ்டார்ட்டரில் 23 சதவீதம் புரதம், அடுத்த கட்ட ஸ்டார்ட்டரில் 22, கடைசிக் கட்ட ஃபினிஷரில் 20. எரிசக்தி கிலோவுக்கு 3,000 கிலோகலோரியில் தொடங்கி 3,200 வரை. நார்ச்சத்து 5 சதவீதத்துக்கு மேல் ஆகாது. கோழிக்கு மாட்டைப்போல் நாலறை வயிறு கிடையாது, அசை போடவும் தெரியாது. நார் அதன் வயிற்றில் இடத்தை அடைத்துக்கொள்ளுமே தவிர சதையாகாது. இந்தக் கணக்கில் மக்காச்சோளம் என்ற பெயரும் இல்லை, சோயா என்ற பெயரும் இல்லை. கோழி கேட்பது எரிசக்தி, அமினோ அமிலங்கள், கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின்கள். எந்தச் செடியிலிருந்து வந்தது என்று அது விசாரிப்பதில்லை. இங்கிலாந்துக் கோழி கோதுமை தின்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கோழிக்குச் சோளம்தான் முக்கியமான தீவனத் தானியங்களில் ஒன்று. அங்கெல்லாம் கோழி வளராமல் நின்றுவிடவில்லை.

பிறகு மக்காச்சோளமும் சோயாவும் எப்படி வேதவாக்கு ஆயின? ஒரு நாளில் ஆகவில்லை. பச்சைச் சோயாவைத் தின்ற எலிகள் வளரவில்லை, வேகவைத்துக் கொடுத்ததும் வளர்ந்தன என்று ஆஸ்பர்ன், மெண்டல் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 1917-லேயே காட்டினார்கள். புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கும் ஒரு பொருள் சோயாவில் இருக்கிறது. சூட்டில் அது அழிந்துவிடுகிறது. அப்படியும் வெறும் தாவரத் தீவனத்தில் குஞ்சுகள் தேறவில்லை. மீன்தூளோ பால்தூளோ கொஞ்சம் சேர்க்க வேண்டியிருந்தது. அவற்றில் இருந்த மர்மப் பொருள் வைட்டமின் பி12 என்பது 1948-ல் தெரியவந்தது. அதன் பிறகுதான் மீன்தூள் இல்லாமலே கோழி வளர்க்க வழி பிறந்தது. நம் பக்கம் கருவாட்டுத் தூளில் வந்த மணலையும் உப்பையும் நினைத்தால் அந்தக் கண்டுபிடிப்பின் அருமை புரியும். தானியத்தில் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸை விடுவிக்கும் பைட்டேஸ் என்ற நொதி 1991-ல் விற்பனைக்கு வந்தது. ஆக, இன்று இயற்கையானது என்று நாம் நினைக்கும் இந்த மக்காச்சோளம்-சோயா ஜோடி, குறைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்து ஆராய்ச்சி கட்டியெழுப்பியது. அதே உழைப்பு மற்றத் தானியத்துக்கும் புண்ணாக்குக்கும் கிடைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

இரண்டே காலில் நிற்பதன் ஆபத்தைக் கடந்த சில ஆண்டுகள் நன்றாகவே காட்டிவிட்டன. 2018-ல் அமெரிக்கன் படைப்புழு இந்தியாவுக்குள் வந்தது. கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட அந்தப் புழு, அந்தப் பட்டத்திலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளின் குருத்தைத் தின்றது. 2021-ல் சோயாப் புண்ணாக்கின் விலை ஒரே ஆண்டுக்குள் இரண்டு மடங்கைத் தாண்டியது. மத்திய அரசே அந்த ஆகஸ்டில் 12 லட்சம் டன் மரபணு மாற்றுச் சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதித்தது. அடுத்து எத்தனால். 2023 டிசம்பரில் கரும்புச்சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. மறுமாதமே மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு என்று விலை வைத்தார்கள். ஒரு டன் மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும். பெருக்கிப் பாருங்கள், 27,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. இவ்வளவு வருமானம் உள்ளவனோடு கோழிக்காரன் ஏலத்தில் போட்டியிட வேண்டும். விலை ஏறினால் விளைவித்தவருக்கு லாபம்தானே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் ஒரே பயிர், ஒரே புழு, ஒரே கொள்கை என்று ஊரே கட்டுண்டு கிடக்கும்போது, ஏறிய விலை இறங்கும் நாளில் விவசாயிக்கும் தப்பிக்க வேறு சந்தை இருக்காது.

இனிக் கம்புக்கு வருகிறேன். இந்த மண்ணுக்கு மிக நெருக்கமான வாய்ப்பு அதுதான். மக்காச்சோளத்தில் புரதம் 9 சதவீதத்தைச் சுற்றி இருக்கும், கம்பில் பெரும்பாலும் 11-க்குக் குறையாது. கம்பில் எண்ணெயும் கூடுதல், ஏறக்குறைய 5 சதவீதம். நூறு கிலோக் கலவையில் 25 கிலோ மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு அதே எடைக்குக் கம்பைப் போடுங்கள். 25 கிலோ மக்காச்சோளம் கொடுத்த புரதம் இரண்டேகால் கிலோ. கம்பு கொடுப்பது இரண்டேமுக்கால் கிலோ. அரைக் கிலோ புரதம் மிச்சம். 45 சதவீதப் புரதமுள்ள சோயாப் புண்ணாக்கில் அது ஒரு கிலோ நூறு கிராமுக்குச் சமம். ஆக, கம்பைச் சேர்க்கும்போது மக்காச்சோளம் மட்டும் குறைவதில்லை, சோயாவும் ஒரு கிலோ குறைகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் செய்த சோதனைகளில், கலவையில் பாதிவரை கம்பு தின்ற கறிக்கோழிகள் எடையில் பின்தங்கவில்லை. ஒரு சிறு பங்கை அரைக்காமல் முழுத் தானியமாகவே போடலாம் என்றும் அங்கே கண்டார்கள். கோழியின் அரைவைப்பை ஒரு சின்ன ஆட்டுக்கல். கம்பு அளவுள்ள மணியை அது தானே அரைத்துக்கொள்ளும், நமக்கு மின்கட்டணம் மிச்சம்.

சோளத்தைப் பற்றிச் சற்று எச்சரிக்கையோடு பேச வேண்டும். வெள்ளைச் சோளம் எரிசக்தியில் மக்காச்சோளத்தை ஒட்டியே வருகிறது. சில வகைகளில் டானின் என்னும் துவர்ப்பு இருக்கிறது. அது புரதத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு செரிக்கவிடாது. மணியின் மேல்நிறத்தை மட்டும் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. காஸ்டிக் சோடா கலந்த பிளீச்சிங் கரைசலில் சோளமணிகளைப் போட்டு வைத்தால் மேல்தோல் கரைந்துபோகும். டானின் உள்ளவை கறுத்து நிற்கும், இல்லாதவை வெளுத்துவிடும். கால் மணி, அரை மணி நேர வேலை. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-லிருந்து இந்தக் கரிசலுக்காகவே இயங்கி வருகிறது. அங்கிருந்து வந்த கே 8 போன்ற சோள ரகங்கள் நம்மவர்களுக்குப் புதியவை அல்ல. விதைக்கும்போதே எந்த ரகம் எந்தச் சந்தைக்கு என்று யோசிக்கலாம்.

இப்போது விலை. 2025-26 காரீப் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பாருங்கள்: குவிண்டாலுக்கு மக்காச்சோளம் 2,400 ரூபாய், கம்பு 2,775, கலப்பினச் சோளம் 3,699. இந்த விலைப்படி பார்த்தால் சோளம் கோழிக்கு எட்டாத கனி. கம்புகூடக் கிலோவுக்கு மூன்றே முக்கால் ரூபாய் அதிகம். கம்பு சேர்த்ததால் சோயாவில் மிச்சமாவது எவ்வளவு? சோயா கிலோ 40, மக்காச்சோளம் 24 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். குறைந்த ஒரு கிலோ நூறு கிராம் சோயாவின் இடத்தில் மக்காச்சோளம் நிரம்பும். மிச்சம் பதினேழு, பதினெட்டு ரூபாய். 25 கிலோக் கம்புக்கு அதைப் பங்கிட்டால் கிலோவுக்கு எழுபது காசு. சோயா 80 ரூபாய்க்குப் போனால் அதே கணக்கில் இரண்டரை ரூபாய். எனவே மக்காச்சோளத்தைவிடக் கிலோவுக்கு அரை ரூபாய், முக்கால் ரூபாய் கூடுதல் வரை கம்பு கட்டுபடியாகும். சோயா எகிறும் ஆண்டில் அதைத் தாண்டியும் கட்டுபடியாகும். சாதாரண ஆண்டில் மூன்று ரூபாய் கூடினால் கட்டாது. ஆதரவு விலையும் சந்தை விலையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. அறுவடை முடிந்த கையோடு களத்தில் கேட்கும் விலை இன்னொன்று. மாற்றுத் தீவனம் என்று பேசும் பலர் இந்தக் கணக்கை அவிழ்த்துக் காட்டுவதே இல்லை. சிறுதானியம் என்றதும் உணர்ச்சி முந்திக்கொள்கிறது. கோழிப்பண்ணைக்காரரின் பேரேடு அதற்கு மசியாது.

புரதப் பக்கம் வேறு வகைச் சிக்கல். மூட்டையில் ஒட்டிய சீட்டில் 40 சதவீதம் புரதம் என்று போட்டிருந்தால் நாம் சோயாவுக்குச் சமம் என்று நினைத்துவிடுகிறோம். புரதம் என்பது ஒரே பொருள் இல்லை. பல அமினோ அமிலங்களின் கட்டு. வீடு கட்டும் இடத்தில் செங்கல் லாரி லாரியாக வந்து இறங்கினாலும், சிமெண்டு தீர்ந்த நேரத்தில் கொத்தனார் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார். கோழியின் உடம்பில் சிமெண்டு மாதிரி முதலில் தீர்ந்துபோவது லைசினும் மெத்தியோனினும். எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் தாராளம், லைசின் பற்றாக்குறை. கடலைப் புண்ணாக்கில் புரதம் சோயா அளவுக்கு உண்டு, இந்த இரண்டுமே குறைவு. சூரியகாந்திப் புண்ணாக்கில் லைசின் குறைவு, தோல் நீக்காவிட்டால் நாரும் அதிகம். தேங்காய்ப் புண்ணாக்கில் புரதமே 20 சதவீதத்தைச் சுற்றித்தான். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நொண்டி. சோயாவில் ஒரு பங்கைக் குறைத்து, எள்ளையும் சூரியகாந்தியையும் அளவாகச் சேர்த்து, தூளாகக் கிடைக்கும் லைசினைக் கிராம் கணக்கில் போட்டால் நொண்டிகள் சேர்ந்து நடக்கும். கூட்டுக்கறியில் ஒரு காயின் குறையை இன்னொன்று மறைப்பது போலத்தான்.

பருத்திக் கொட்டைப் புண்ணாக்கு நம் பகுதிக்கு உரியது என்பதால் அதைத் தனியாகச் சொல்கிறேன். அதில் காசிபால் என்ற நச்சு உண்டு. மாட்டின் வயிறு ஓரளவு சமாளிக்கும். கோழிக்கு அந்த வசதி இல்லை. காசிபால் லைசினையும் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். இரும்பு சல்பேட் சேர்த்தால் அதன் கேடு தணியும். அப்படியும் ஃபினிஷர் தீவனத்தில் நாலைந்து சதவீதத்துக்குள் நிறுத்துவதே புத்திசாலித்தனம். குஞ்சுத் தீவனத்தில் வேண்டவே வேண்டாம்.

நச்சு என்று சொன்னதும் ஒரு மறுப்பு எழும்: பழகிய தீவனம் இருக்க எதற்கு இந்த வம்பு? பச்சைச் சோயாவும் நச்சுடன் பிறந்ததுதான் என்று முன்பே பார்த்தோம். பழகிய தீவனம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையை உடைத்த சம்பவம் ஒன்று 1960-ல் இங்கிலாந்தில் நடந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. நோய்க்குப் பெயர் வைக்கக்கூட வழியில்லாமல் ‘எக்ஸ்’ என்றார்கள். துருவியபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் முடிந்தது. அதில் வளர்ந்த பூஞ்சணம் விட்ட நஞ்சுக்குத்தான் பிறகு அஃப்லடாக்சின் என்று பெயர் வந்தது. கடலையின் மேல் குற்றமில்லை. ஈரத்தோடு கட்டிவைத்த மூட்டையின் மேல் குற்றம். அதே பூஞ்சணம் நம் மக்காச்சோளத்திலும் வரும். பார்வைக்கு மணி பளபளப்பாக இருக்கும், உள்ளே நஞ்சு இருக்கும். நூறு கோடியில் 20 பங்குக்கு மேல் இருந்தால் தீவனத்துக்கு ஆகாது என்கிறது தர அளவு. சோளமும் கம்பும் இந்த நஞ்சுக்கு மக்காச்சோளம், கடலை அளவுக்கு இடம் கொடுப்பதில்லை. அதற்காக அவை தப்பிவிட்டன என்று பொருளில்லை: கம்புக்குத் தேன் ஒழுகல் நோய் உண்டு, கதிர் முற்றும் நேரம் மழை பிடித்துக்கொண்டால் சோளத்தில் கரும்பூஞ்சணம் ஏறும். எத்தனால் ஆலைகளிலிருந்து வரும் டிடிஜிஎஸ் என்ற காய்ந்த கசடு இப்போது மலிவாகக் கிடைக்கிறது. அரிசியிலிருந்து வருவதில் புரதம் 40 சதவீதத்தைத் தாண்டும். தானியத்தின் மாவுச்சத்து சாராயமாகப் போய்விட மற்றதெல்லாம் மூன்று மடங்காகக் கசடில் தங்குகிறது. நஞ்சும் அப்படியே மூன்று மடங்காகத் தங்குகிறது. மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவர் இதையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா பற்றிச் சொல்லாவிட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். காய்ந்த அசோலாவில் புரதம் 20 முதல் 25 சதவீதம் என்பது உண்மை. ஆனால் தொட்டியிலிருந்து அள்ளும் அசோலாவில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கு தண்ணீர். ஒரு கிலோ பச்சை அசோலாவில் காய்ந்த பொருள் எழுபது கிராம், அதில் புரதம் பதினைந்து கிராம். ஒரு கிலோ சோயாப் புண்ணாக்கின் புரதத்துக்கு ஈடு செய்ய ஏறக்குறைய முப்பது கிலோ அசோலா அள்ள வேண்டும். ஐயாயிரம் கோழி உள்ள ஒரு ஷெட் ஒரு பேட்சில் பதினேழு டன் தீவனம் தின்னும். அதில் சோயா நாலு டன்னுக்கு மேல். அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் அசோலாவால் மாற்றுவதானால் தினமும் முந்நூறு கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு இருநூறு கிராம் என்று தாராளமாகவே விளைச்சல் வைத்தாலும் 1,500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது நாற்பது சென்ட் அளவுக்கு, தண்ணீர் நிற்கும் பாத்தி வெட்ட வேண்டும். கிணறு வற்றும் சித்திரையில் கரிவலத்தில் அதற்கு யார் தண்ணீர் இறைப்பது? இருபது நாட்டுக்கோழிக்கும் இரண்டு பசுவுக்கும் அசோலா அருமையான பொருள். கறிக்கோழி ஷெட்டுக்கு அது தொட்டுக்கொள்ள ஊறுகாய். முருங்கை இலைத்தூளும் ஏறக்குறைய அப்படித்தான். சூபாபுல் இலையில் மிமோசின் என்ற நஞ்சு உண்டு. ஓடையெல்லாம் மண்டிய சீமைக்கருவேலங்காயில் சர்க்கரை உண்டு, ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகும்; கோழிக்கு அதன் நாரும் கெட்டி விதையும் இடைஞ்சல். அதிசயச் செடி ஒன்று வந்து நம்மைக் காப்பாற்றும் என்ற எதிர்பார்ப்பை விட்டுவிடுவதே நல்லது.

அடுத்த மறுப்பு நிறத்தைப் பற்றியது: கம்பு, சோளம் தின்ற கோழி வெளுத்திருக்கிறது, கடையில் எடுபடாது என்பார்கள். மக்காச்சோளத்தின் மஞ்சள் நிறமிதான் தோலுக்கும் கொழுப்புக்கும் ஏறுகிறது. கம்பில் அது மிகக் குறைவு. சுவைக்கும் சத்துக்கும் இதனால் குறைவில்லை. முட்டைக்கோழியில் மஞ்சள்கரு வெளுத்தால் வாங்குகிறவர் கண்ணுக்குப் படும். தோலை உரித்துத் துண்டு போட்டு விற்கும் கறிக்கடையில் நிறத்தைக் கேட்கிறவர் குறைவு. பாதி மக்காச்சோளம் கலவையில் இருக்கும்வரை இது பெரிய விஷயமாகாது.

இதைவிடக் கனமான மறுப்பு, மனிதன் தின்னும் தானியத்தைக் கோழிக்குப் போடலாமா என்பது. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக உலகமே கொண்டாடியது. அந்தக் கம்பைக் கோழித் தொட்டியில் கொட்டச் சொல்கிறாயே என்று கேட்பவர்களின் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மக்காச்சோளம் விளைவதும் அதே நிலத்தில்தான். கோழிக்கான நிலத்தை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. மானாவாரிக்காரருக்கு இன்று சந்தையில் நம்பிக்கையான ஆள் கோழிதான். அந்த ஆள் கம்பையும் வாங்குவார் என்ற நிலை வந்தால் கம்பு விதைக்கும் கை கூடும். நல்ல விலை கிடைக்கும் ஆண்டில் அது மளிகைக் கடைக்குப் போகும்; மணி சிறுத்த, நிறம் மங்கிய சரக்குக்கும் இழப்பில்லாத ஒரு வாசல் இருக்கும். பூஞ்சணம் பிடித்த சரக்கு மட்டும் கோழிக்கும் ஆகாது, அதை மாற்றிப் பேச இடமில்லை.

கடைசியாக, அனுபவசாலிகள் கேட்பது: இது கட்டுபடியாகும் என்றால் கோழிக் கம்பெனிக்காரன் எப்போதோ செய்திருக்க மாட்டானா? இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் யோசித்துப் பதில் தேடினேன். பெரிய ஆலைகளில் தினசரி விலையைக் கணினியில் போட்டு, சத்துக் குறையாமல் செலவு குறைந்த கலவையைக் கண்டுபிடிக்கிறார்கள். இந்தக் கணிதத்தைக் கால்நடைத் தீவனத்துக்கு 1951-லேயே அமெரிக்கப் பொருளியலாளர் ஃபிரெடெரிக் வா பொருத்திக் காட்டினார். நம் ஆலைகளுக்கும் அது பழகிய வேலை. விலை படிந்தால் அவர்கள் கம்பையும் அரிசிக் குருணையையும் போடத் தயங்குவதில்லை. ஆனால் அந்தக் கணினிக்குள் நுழைய ஒரு சரக்குக்கு மூன்று தகுதி வேண்டும்: லாரிக் கணக்கில் ஒரே தரமாக வரவேண்டும், ஈரம் தெரிந்திருக்க வேண்டும், புரதமும் நஞ்சும் அளந்த சீட்டு வேண்டும். இங்கே பத்து மூட்டை, குருவிகுளம் பக்கம் பதினைந்து மூட்டை, ஒன்று காய்ந்தது, ஒன்று காயாதது என்று கிடக்கும் கம்பு அந்தக் கணினியின் கண்ணிலேயே படாது. விலை கூடுதல் என்று அது ஒதுக்கவில்லை. அப்படி ஒரு சரக்கு இருப்பதே அதற்குத் தெரியாது. ஒப்பந்த முறையில் கோழி வளர்ப்பவருக்குக் கலவையில் கைவைக்க உரிமை கிடையாது. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையது. ஆகவே நான் சொல்வதை அவர் தம் ஷெட்டில் செய்து பார்க்க முடியாது, செய்யவும் கூடாது. சொந்தமாகக் குஞ்சு வாங்கி வளர்ப்பவரும், நாட்டுக்கோழிப் பண்ணை வைத்திருப்பவரும், தானியம் விளைவிப்பவருமே இதில் முதலடி வைக்கக்கூடியவர்கள்.

அந்த முதலடி சின்னது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ நாலு ஊர்க்காரர்கள் சேர்ந்த குழுவோ, அறுவடைக் கம்பை ஓரிடத்தில் சேர்த்து, ஈரமானி வைத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்குக் கீழ் காய்ந்ததை மட்டும் ஒரு குவியலாக்க வேண்டும். குத்தூசியால் மேலும் நடுவும் அடியுமாகப் பல மூட்டைகளில் குத்தி எடுத்த தானியத்தைச் சாக்கில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் மூலை இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி நாலாகப் பிரித்து, அரைக் கிலோ மிஞ்சும்வரை செய்ய வேண்டும். அதைத் துணிப்பையில் கட்ட வேண்டும், பிளாஸ்டிக்கில் கட்டினால் வழியிலேயே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஊர், ரகம், அறுத்த தேதி எழுதிய சீட்டோடு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்பினால் புரதம், நார், அஃப்லடாக்சின் மூன்றுக்கும் எண் வரும். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஆலைக்கு ஃபோன் செய்து, இன்றைக்கு மக்காச்சோளம் என்ன விலைக்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.